யார் இங்கே வாழ்கிறார்கள் என்ற பட்டியல்: தாராவியின் பெருந்தொற்றுக் காலம் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

மும்பையின் தாராவியில் 2020 ஏப்ரல் தொடங்கி அடுத்த சில ஆண்டுகளில் நடந்தவற்றை இக்கட்டுரை வரிசைப்படி பதிவு செய்கிறது. அங்கே கொரோனா எவ்வாறு கட்டுக்குள் வந்தது என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி அதற்கு அடுத்தது. ஒருவரோடொருவர் தோள் உரச வாழும் நகர்ப்புற மக்களின் கூட்டு வாழ்க்கையை ஒரு பெருந்தொற்று எந்த இடங்களில் தொட்டது, அப்போது உருவான ஏற்பாடுகளில் எவை தங்கின, எவை ஆபத்து விலகியதும் கலைந்துபோயின என்பதே அக்கேள்வி. அதிகாரிகள், மருத்துவர்கள், குடியிருப்பாளர்கள் என எவருடைய பெயரும் இங்கே தரப்படவில்லை; அவர்கள் வகித்த பொறுப்பும் எடுத்த முடிவுமே நமக்குப் போதும்.

பின்னணி

மாஹிம், சயான், மாட்டுங்கா ஆகிய பகுதிகளுக்கு நடுவே, மேற்கு ரயில் பாதைக்கும் மத்திய ரயில் பாதைக்கும் இடையில் அமைந்திருக்கிறது தாராவி. ஏறத்தாழ இரண்டரைச் சதுர கிலோமீட்டர் பரப்பில் எட்டரை லட்சம் பேர் வாழ்கிறார்கள் என்பது 2020இல் அரசு சொன்ன கணக்கு. அதே கணக்கின்படி பெரும்பாலான வீடுகள் பத்துக்குப் பத்தடி அறைகள். குடியிருப்பாளர்களில் நூற்றுக்கு எண்பது பேர் 450 பொதுக் கழிப்பறைகளையே நம்பியிருந்தார்கள். மற்றொரு செய்தியும் அந்தக் கணக்கில் இருந்தது: மக்களில் பெரும்பகுதியினர் வெளியே சமைத்த உணவையே உண்டு வந்தார்கள். பத்துப் பேர் சேர்ந்து தங்கி, வேலை நேரத்துக்கு ஏற்ப முறைவைத்து உறங்கும் தொழிலாளர் அறையில் அடுப்புக்கு ஏது இடம்?

தமிழர்களுக்குத் தாராவி அயலிடம் அன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே தோல் பதனிடும் தொழில் வளர்ந்தபோது திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தவர்கள் அதில் வேலைக்குச் சேர்ந்து, உறவினரை அழைத்து, கோயில் கட்டி, சங்கம் வைத்து நிலைத்தார்கள். பின்னிரவிலேயே எழுந்து இட்லி அவித்து, அண்டாவை மிதிவண்டியில் ஏற்றி நகரத்துத் தெருக்களில் விற்றுவரும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்களுக்குப் பக்கத்திலேயே கும்பார்வாடாவின் குஜராத்தி மண்பாண்டத் தொழிலாளர்கள், உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தையல் தொழிலாளர்கள், கோலிவாடாவின் பூர்வ மீனவர்கள், கழிவுப் பொருள் பிரிப்பவர்கள் என்று பல மக்கள் வாழ்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே குடிசைப் பகுதியாகத் தெரிவது உள்ளே எண்பதுக்கும் மேற்பட்ட சிறு நகர்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கெனத் தலைவர்களும், விழா நடத்தும் உள்ளூர்ச் சங்கங்களான மண்டல்களும், வழிபாட்டு இடமும் கொண்டதாக இருக்கிறது.

கொள்ளைநோய் ஒன்று மும்பையின் வாழ்க்கையை மாற்றுவது இது முதல்முறையன்று. 1896இல் பிளேக் வந்தபோது அன்றைய ஆட்சியாளர்கள் வீடுவீடாகச் சோதனை நடத்தி, நோயுற்றவரைக் கட்டாயமாக இழுத்துச் சென்றார்கள். மக்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள். லட்சக்கணக்கானோர் நகரைவிட்டே ஓடினார்கள். 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை நெரிசலான குடியிருப்புகளை இடித்து, வடக்கே தாதர், மாட்டுங்கா எனப் புதிய பகுதிகளை அகலமான சாலைகளோடு திட்டமிட்டது. பிற்காலத்தில் தமிழ் நடுத்தர வர்க்கம் குடியேறிய மாட்டுங்கா அப்படி உருவான ஊர்தான். அதற்கு ஒட்டினாற்போலிருந்த தாராவிக்கோ அந்தத் திட்டத்தின் சாலையும் வரவில்லை, சாக்கடையும் வரவில்லை. 2020 மார்ச்சில் மகாராஷ்டிர அரசு கையிலெடுத்த தொற்றுநோய்கள் சட்டமும் அந்தப் பிளேக் காலத்தில், 1897இல், இயற்றப்பட்டதே. அன்றைய அணுகுமுறை எதில் முடிந்தது என்பது நினைவிலிருந்தால்தான் 2020இல் எடுக்கப்பட்ட முடிவுகளின் அருமை விளங்கும்.

முதல் வாரங்களில் கண்டவை

2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் நோயாளி உறுதி செய்யப்பட்டார். அன்றே அவர் சயான் மருத்துவமனையில் இறந்தார். அவர் வாழ்ந்த கட்டடம் அடைக்கப்பட்டு, தொடர்பில் இருந்தவர்கள் தேடப்பட்டார்கள். அடுத்தடுத்த நாட்களில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத நகர்களிலும் நோயாளிகள் தென்பட்டனர். ஏப்ரல் மாதம் மட்டும் 491 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த மாதத்தில் நோயாளிகளின் எண்ணிக்கை 18 நாட்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டிருந்தது.

நாடு முழுவதும் சொல்லப்பட்ட அறிவுரைகள் மூன்று: வீட்டிலேயே இருங்கள், ஆறடி விலகி நில்லுங்கள், கையை அடிக்கடி கழுவுங்கள். பத்தடி அறையில் எட்டுப் பேர் இருக்கும்போது முதல் இரண்டையும் பின்பற்ற வழியில்லை. நாளில் சில மணி நேரமே குழாயில் நீர் வரும் சந்துகளில் மூன்றாவதும் எளிதன்று. ஊரடங்கு என்பது தனி வீட்டில் வாழ்பவரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட ஏற்பாடு. தாராவியில் வீட்டின் பாதி வீட்டுக்கு வெளியே இருக்கிறது: பாத்திரம் துலக்குவது வாசலில், துணி உலர்வது சந்தின் குறுக்கே, பிள்ளைகள் படிப்பது திண்ணையில், காலைக்கடன் தெருமுனைக் கழிப்பறையில். ஆகவே 'உள்ளே இருங்கள்' என்ற உத்தரவு, காற்றில்லாத ஓரறைக்குள் அத்தனை பேரும் நாள் முழுவதும் அடைந்து கிடக்கச் சொன்ன உத்தரவாக முடிந்தது.

அதே நாட்களில் மற்றொன்றும் நடந்தது. சந்துக்குச் சந்து சிறு கிளினிக் வைத்திருந்த தனியார் மருத்துவர்களில் பலர் பாதுகாப்புக் கவசம் இல்லாத அச்சத்தால் கதவை அடைத்துவிட்டனர். காய்ச்சல் கண்டவர் முதலில் போய் நிற்கும் இடம் அதுதான். கையில் இருக்கும் சிறு தொகைக்கு மருந்து தருபவரும், குடும்பத்தின் பழைய நோய்களை அறிந்தவரும் அவர்தான். அந்த வாசல் மூடியதும் காய்ச்சலை வெளியில் சொல்லவே மக்களுக்கு ஆளில்லாமல் போயிற்று. சொன்னால் ஆம்புலன்ஸ் வரும், அக்கம்பக்கத்தார் ஒதுக்குவார்கள், கூலி போகும், எங்கே கொண்டுபோவார்கள் என்று தெரியாது. 1896இன் அச்சம் அப்படியே திரும்பி வந்திருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நோய் தானாக வெளிப்படும்வரை காத்திருப்பதில்லை, தேடிச் செல்வது என்று மாநகராட்சியின் வட்ட (வார்டு) அலுவலகம் முடிவு செய்தது. அதிகத் தொற்று கண்ட ஐந்து பகுதிகள் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டன. அரசு மருத்துவர்களின் எண்ணிக்கை போதாது என்பதோடு, கவச உடை அணிந்த முன்பின் தெரியாதவர் வாசலில் வந்து நின்றால் கதவு திறக்காது என்பதும் தெரிந்திருந்தது. எனவே உள்ளூர்த் தனியார் மருத்துவர்களின் சங்கத்தை அணுகினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் முன்வந்தார்கள். அவர்களுக்குக் கவச உடை, வெப்பமானி, ஆக்ஸிமீட்டர், முகக்கவசம், கையுறை ஆகியவற்றை மாநகராட்சி கொடுத்தது. மூடிய கிளினிக்குகளைத் திறக்கவும் கேட்டுக்கொண்டது.

ஏப்ரல் மாத மும்பையின் புழுக்கத்தில், இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டிய சந்துகளில், தலை முதல் கால் வரை மூடிய உடையோடு மருத்துவர்கள் நடந்தார்கள். உடைக்குள் வியர்வை வழிந்து கண்ணாடி மங்கும். செங்குத்தான இரும்பு ஏணியில் மேல்தளத்துக்கு ஏற வேண்டும். தண்ணீர் குடிக்க உடையைக் கழற்ற முடியாது. மருத்துவர்களும் தனியார் கிளினிக்குகளுமாகச் சேர்ந்து 47,500 பேரைப் பரிசோதித்தார்கள். ஆனால் அந்த வெக்கையில் வீடுவீடாகச் செல்லும் முறையைத் தொடர முடியவில்லை. அதைக் கைவிட்டு, நகர்களுக்குள்ளேயே காய்ச்சல் முகாம்களை அமைத்தார்கள். அறிகுறி உள்ளவர் நடந்து வரும் தொலைவிலேயே மருத்துவர் அமர்ந்திருந்தார். சொந்தத் திட்டம் ஒன்று நடைமுறைக்கு ஒவ்வாதபோது தயக்கமின்றி மாற்றிக்கொண்டதை இந்த நிகழ்வின் முக்கியமான முடிவுகளில் ஒன்றாக நான் கருதுகிறேன். நிர்வாகங்கள் பெரும்பாலும் அறிவித்த திட்டத்தின் பெயரைக் காப்பாற்றவே பாடுபடுகின்றன.

அடுத்த முடிவு தனிமைப்படுத்தும் இடம் பற்றியது. பத்தடி அறையில் வீட்டுத் தனிமை என்ற சொல்லுக்கே பொருளில்லை என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். பள்ளிகள், திருமண மண்டபங்கள், விளையாட்டு வளாகம் ஆகியவை தனிமைப்படுத்தும் இடங்களாயின. அருகிலிருந்த தனியார் மருத்துவமனைகள் மாநகராட்சியின் பொறுப்பில் வந்தன. 200 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனையும் இரண்டே வாரத்தில் எழுந்தது. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்குத் தாராவிக்குள்ளேயே சிகிச்சை கிடைத்தது. தங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலோ, தங்கை திருமணம் நடந்த மண்டபத்திலோ பதினான்கு நாள் இருக்கப்போகிறோம் என்பது வேறு. பெயர் தெரியாத மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் ஏற்றப்படுவது வேறு. அங்கே மூன்று வேளை உணவும் மருந்தும் இலவசம். ஏப்ரல் கடைசியில் ரமலான் தொடங்கியபோது, நோன்பு துறக்கும் நேரத்துக்குப் பேரீச்சையும் பழமும் வந்து சேர்ந்தன. இச்செய்தி சந்துகளில் பரவிய பிறகு, தொடர்பில் இருந்தவர்கள் தாமாகவே வந்து சொல்லும் போக்கு வளர்ந்தது. நோயை ஒளித்துவைக்கும் பழைய வழக்கத்தை உடைத்ததில் காவலர்களின் தடுப்பு வேலியைவிட இந்தக் கரிசனத்துக்கே பங்கு அதிகம் என்பது என் முடிவு.

உணவும் இதே வழியில்தான். வேலையும் வெளிச்சாப்பாடும் ஒரே நாளில் நின்றுபோன இடத்தில், மாநகராட்சியும் தொண்டு நிறுவனங்களும் மண்டல்களும் வழிபாட்டு இடங்களும் சேர்ந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கான பொட்டலங்களை வழங்கின. அரிசி, பருப்பு, எண்ணெய் அடங்கிய தொகுப்புகளும் கொடுக்கப்பட்டன. எந்தச் சந்தில் எத்தனை பேர், எந்த அறையில் ரேஷன் அட்டை இல்லாத தொழிலாளர்கள், எந்த வீட்டில் தனியாக ஒரு மூதாட்டி என்பதெல்லாம் அலுவலகக் கோப்பில் இல்லை. தெருவில் இருந்தவர்களின் நினைவில் இருந்தது. அந்த நினைவு அப்போது எழுத்தில் ஏறியது. வீடுவீடாக மேற்கொண்ட கணக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர் பதிவானார்கள். முதியவர்கள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தனியாகப் பதிவு செய்யப்பட்டார்கள். அந்தப் பட்டியலில் ஒருவர் இடம்பெற, அவர் அங்கே வாழ்ந்தால் போதும். வீடு யார் பெயரில், எந்த ஆண்டில் குடிவந்தார், கீழ்த்தளமா மேல்தளமா, வாக்காளர் அட்டை உண்டா என்று எவரும் கேட்கவில்லை. வைரஸுக்கு அந்த வேறுபாடுகள் இல்லை என்பதால் கணக்கெடுத்தவர்களுக்கும் இருக்க முடியவில்லை.

கழிப்பறை

இதைத் தனித் தலைப்பில் எழுதக் காரணம் உண்டு. தாராவியில் எல்லா மொழியினரும் எல்லா மதத்தினரும் நாள்தோறும் தவறாமல் வந்துபோகும் ஒரே பொது இடம் கழிப்பறைதான். கோயிலும் மசூதியும் பிரிந்தவை, பள்ளிகள் மொழிவாரியானவை, கடைகள்கூட ஓரளவு அப்படியே. காலை ஐந்து மணிக்கு வாளியோடு நிற்கும் வரிசைதான் எல்லோருக்கும் பொது.

மும்பையில் 1990களின் குடிசைப் பகுதி சுகாதாரத் திட்டத்தில் கட்டப்பட்ட கழிப்பறைகள் பலவற்றை உள்ளூர்ச் சங்கங்களே நடத்துகின்றன. குடும்பத்துக்கு மாத அட்டை, வெளியாளுக்கு ஒருமுறைக் கட்டணம், வாசலில் மேசை போட்டு அமர்ந்திருக்கும் காப்பாளர் என்ற முறையில் அவை இயங்குகின்றன. வேறு பல கழிப்பறைகளுக்குக் காப்பாளரும் இல்லை, விளக்கும் இல்லை. கதவின் உட்பக்கத் தாழ்ப்பாள், குழாயின் திருகு, தண்ணீர் மொள்ளும் குவளை ஆகிய மூன்றையும் ஒரு காலைப்பொழுதில் நூற்றுக்கணக்கான கைகள் தொடும். அடைக்கப்பட்ட தெருவிலிருந்து எவரும் வெளியேறக் கூடாது என்று காவலர் நின்றாலும் கழிப்பறைக்குப் போகாமல் யாரும் இருக்க முடியாது. ஆக, கட்டுப்பாட்டுப் பகுதி என்று கோடு போட்டதெல்லாம் இந்த ஒரு கதவின் முன் பொருளற்றுப்போனது.

எனவே நாளுக்குப் பலமுறை கிருமிநாசினி தெளித்துக் கழுவுவது என்று முடிவானது. சோப்புத் திரவமும் கை கழுவும் வசதியும் வாசலில் வைக்கப்பட்டன. கழுவும் வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் மிகக் குறைந்த கூலிக்கு உழைத்தவர்கள். வரிசையை விலகி நிற்க வைத்தவர்கள் அந்தந்த நகரின் இளைஞர்களும் காப்பாளர்களும். இவர்களுக்குக் கவச உடை அணிந்த மருத்துவருக்குக் கிடைத்த புகழில் சிறு பங்குகூடக் கிடைக்கவில்லை. நோயின் பாதையில் முதலில் நின்றவர்கள் இவர்கள்தாம் என்பதை இந்தப் பதிவில் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். யார் சில நாட்களாக வரிசைக்கு வரவில்லை, யார் இருமிக்கொண்டு நிற்கிறார் என்பதை மருத்துவருக்கு முன்பே காணக்கூடியவர் அந்தக் காப்பாளர்தான். அந்த அறிவை முறையாகப் பயன்படுத்தும் ஏற்பாடு எதுவும் உருவாகவில்லை.

வெளியேறியவர்கள்

வேலை நின்ற பிறகு தாராவியைவிட்டுப் போனவர்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் என்பது அப்போது சொல்லப்பட்ட மதிப்பீடு. மே மாதம் புலம்பெயர் தொழிலாளர்களுக்கான ஷ்ராமிக் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கும் முன்பே நடந்தும் லாரியில் ஏறியும் கிளம்பியவர்கள் பலர். தமிழ்க் குடும்பங்கள் பலவும் இ-பாஸ் வாங்கி, வாடகைக்குப் பேருந்து பிடித்துத் தெற்கே வந்தன. அந்த மே மாதம் திருநெல்வேலி மாவட்டத்தில் கண்டறியப்பட்ட நோயாளிகளில் மகாராஷ்டிரத்திலிருந்து திரும்பியோர் கணிசமாக இருந்தார்கள்; கங்கைகொண்டான் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பரிசோதித்து, முடிவு வரும்வரை முகாமில் தங்கவைத்தார்கள். மும்பையில் நோய்ப்பகுதிக்காரர், ஊரில் மும்பைக்காரர் என்று இரண்டு இடத்திலும் அந்நியமாகப் பார்க்கப்பட்ட அக்குடும்பங்களின் துயரம் தனியாக எழுதப்பட வேண்டியது.

தாராவியின் எண்ணிக்கை இறங்கியதில் இந்த வெளியேற்றத்துக்கும் பங்கு உண்டு. நெரிசல் குறைந்ததும் அறைகளில் காற்றுக்கு இடம் கிடைத்தது. வெற்றிக் கதையாகச் சொல்லும்போது இதை விட்டுவிடுவது நேர்மையாகாது.

பின் நடந்தவை

அரசுக் கணக்கின்படி ஏப்ரலில் 12 சதவீதமாக இருந்த தொற்றின் வளர்ச்சி மே மாதத்தில் 4.3 ஆகவும் ஜூனில் 1.02 ஆகவும் குறைந்தது. இரட்டிப்பாகும் காலம் மே மாதத்தில் 43 நாட்களாகவும் ஜூனில் 78 நாட்களாகவும் நீண்டது. ஜூலை 10 அன்று உலக சுகாதார அமைப்பின் தலைவர், நோயைக் கட்டுப்படுத்திய எடுத்துக்காட்டுகளில் இத்தாலி, ஸ்பெயின், தென் கொரியா ஆகியவற்றோடு தாராவியையும் சேர்த்துச் சொன்னார். மக்களின் ஈடுபாட்டை அதற்கான காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டார். டிசம்பர் 25 அன்று முதன்முறையாக ஒரு புதிய நோயாளிகூட இல்லாத நாள் வந்தது.

இந்த எண்களைக் கவனத்தோடு வாசிக்க வேண்டும். அதே ஜூலை மாதத்தில் மும்பையின் மூன்று வட்டங்களில் எடுத்த இரத்தப் பரிசோதனை ஆய்வில், குடிசைப் பகுதியினரில் ஏறத்தாழ 57 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 16 சதவீதத்தினருக்கும் நோய் எதிர்ப்பொருள் காணப்பட்டது. தாராவி அடங்கிய வட்டம் அந்த ஆய்வில் இல்லை. அதை ஒட்டிய வட்டம் இருந்தது. தாராவியிலும் பரிசோதனையில் அகப்பட்டவர்களைவிடப் பல மடங்கு மக்களுக்கு நோய் வந்து போயிருக்கலாம் என்று கொள்வதே பொருத்தம். அப்படியானால் எடுத்த முயற்சிகள் வீணா? இல்லை. நோய் வந்தவர்களில் மூச்சுத் திணறியவரை உரிய நேரத்தில் ஆக்ஸிஜனிடம் சேர்த்ததும், முதியவர்களைத் தனியே கவனித்ததும், பசியில் எவரையும் தெருவுக்கு அனுப்பாமல் பார்த்துக்கொண்டதும் உயிர்களைக் காத்தன. பரவலை முழுதும் தடுத்த கதை என்று சொல்லாமல், பரவிய இடத்தில் மக்களைக் கைவிடாத கதை என்று சொன்னால் அது உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

2021 மார்ச்சில் தாராவிக்குள்ளேயே தடுப்பூசி மையம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் தயக்கம் மிகுதி. ஏப்ரல் தொடக்கத்தில் இரண்டாம் அலை ஒரே நாளில் 99 பேரைத் தொட்டது. முதல் அலையின் உச்சம் 94. எனினும் மருத்துவர்களும் முகாம் நடத்தும் முறையும் ஆயத்தமாக இருந்ததால் ஜூன் நடுவில் மீண்டும் புதிய நோயாளி இல்லாத நாள் வந்துவிட்டது.

கூட்டு வாழ்க்கையில் ஏற்பட்ட சேதம் இந்த எண்களில் தெரிவதில்லை. புறநகர் ரயில் பொதுமக்களுக்கு மாதக்கணக்கில் நின்றுபோனதால் வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்களும் இட்லி விற்பவர்களும் நகரத்தோடு வைத்திருந்த தொடர்பு அறுந்தது. தடுப்பூசி இரு தவணையும் போட்டவர்க்கு மட்டும் என்ற நிபந்தனையோடு 2021 ஆகஸ்ட் 15 முதல் ரயில் திறந்தபோது, வேலை கொடுத்த வீடுகள் பல வேறு ஆளைத் தேடிக்கொண்டிருந்தன. மும்பையில் தொடக்க வகுப்புகள் 2021 டிசம்பரில்தான் திறந்தன. வீட்டுக்கு ஒரு கைப்பேசி, அதிலும் தந்தை வேலைக்குக் கொண்டுபோகும் கைப்பேசி என்றிருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒன்றரை ஆண்டுப் படிப்பு அப்படியே போயிற்று. 2020 ஆகஸ்டில் விநாயகர் சதுர்த்திக்கு மண்டல்களின் சிலை உயரம் நான்கடிக்குள் என்று அரசு வரையறுத்தது. பல மண்டல்கள் விழாவுக்குச் சேர்த்த பணத்தை மருத்துவ உதவிக்குத் திருப்பின. கூடி நிற்பதையே வாழ்க்கையாகக் கொண்டிருந்த அமைப்புகள், கூடாமலே ஒன்றாய் இருக்கும் வழியைத் தேடிய காலம் அது.

தங்கியவையும் கலைந்தவையும்

மருத்துவர்களுக்கும் வட்ட அலுவலகத்துக்கும் இடையே உருவான நேரடித் தொடர்பு இரண்டாம் அலைக்கும் தடுப்பூசிக்கும் பயன்பட்டது. ஒரு நகரில் காய்ச்சல் கூடினால் யாரை அழைப்பது என்ற தெளிவு வந்தது. இவை தங்கியவை. ஆனால் அத்தொடர்பு குறிப்பிட்ட அதிகாரிகளையும் குறிப்பிட்ட மருத்துவர்களையும் சார்ந்திருந்தது. அதிகாரிகள் இடம் மாறுவார்கள். அந்த ஏற்பாட்டுக்கு நிலையான குழுவோ நிதியோ கொடுக்கப்படவில்லை. உணவு வழங்கிய வலையமைப்புகள் வேலை திரும்பியதும் இயல்பாகவே கலைந்தன. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. குறைசொல்ல வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது.

2022 நவம்பரில் தாராவி மறுகட்டமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தில் அதானி குழுமம் வென்றது. 2024 மார்ச்சில் வீடுவீடான கணக்கெடுப்பு தொடங்கியது. நான்கு ஆண்டுகளுக்குள் இரண்டாவது முறையாக அதே சந்துகளில் அதே ஏணிகளில் ஏறி இறங்கிக் கணக்கெடுத்தார்கள். ஆனால் இம்முறை கேள்விகள் வேறு. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தளக் குடியிருப்புக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மேல்தளங்களில் வாழ்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே, பணம் கட்டியோ தவணை முறையிலோ பெறும் வீடு. 2020இல் மருத்துவர் கவச உடையோடு ஏறிச் சென்று ஆக்ஸிஜன் அளவு பார்த்த அந்த மேல்தளத்துத் தொழிலாளி, நகரின் ஆரோக்கியத்துக்கு இன்றியமையாதவராகக் கணக்கிடப்பட்டார். இப்போது அவரது இடம் ஒரு தேதியால் தீர்மானிக்கப்படுகிறது.

வீட்டுக்குள்ளேயே கழிப்பறை வேண்டும் என்பதற்கு 2020ஐவிட வலுவான சான்று தேவையில்லை. அதை மறுப்பவர் அந்த வரிசையில் ஒருநாளும் நின்றிராதவர். ஆகவே மறுகட்டமைப்பு தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. எந்த மக்களைக் கொண்டு அது நடக்கிறது என்பதில்தான் கவலை. பெருந்தொற்றைத் தாங்கியது சந்துகளின் பரிச்சயம்: யார் யாருக்கு என்ன உறவு, எந்த அறையில் யார் தனியாக இருக்கிறார், எந்த மருத்துவர் சொன்னால் கேட்பார்கள் என்ற அறிவு. அந்த அறிவை வைத்திருப்பவர்களில் பாதிப்பேரை நகரின் வேறொரு மூலைக்கு அனுப்பிவிட்டால் உயரமான கட்டடங்களில் மீதியிருப்போர் அதைப் புதிதாகத் தேட வேண்டியிருக்கும்.

மாற வேண்டியவை

மறுகட்டமைப்பு முடியப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை பொதுக் கழிப்பறைகள் இருக்கத்தான் போகின்றன. அவற்றின் காப்பாளருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் நிலையான ஊதியமும், பயிற்சியும், வட்டச் சுகாதார அலுவலகத்தோடு எழுத்துப்பூர்வமான தொடர்பும் வேண்டும். டெங்குவும் காசநோயும் கொரோனாவுக்கு முன்பும் அங்கே இருந்தன, இப்போதும் இருக்கின்றன. தனியார் கிளினிக் மருத்துவர்களின் சங்கத்துக்கு வட்ட அளவிலான சுகாதாரக் குழுவில் இடம் தர வேண்டும். அந்த இடம் அதிகாரி மாறினாலும் மாறாததாக இருக்க வேண்டும். முகாம்களில் பணியாற்றிய மொழி தெரிந்த உள்ளூர்ப் பெண்களைத் தற்காலிகத் தொண்டர்களாக விட்டுவிடாமல் சுகாதாரப் பணியாளர்களாக ஏற்க வேண்டும். தமிழ், இந்தி, உருது, குஜராத்தி, மராத்தி பேசும் சந்துகளில் அவர்கள் இல்லாமல் எந்த அறிவிப்பும் வீட்டுக்குள் போய்ச் சேராது.

பிற நகரங்கள் தாராவியைப் பின்பற்ற விரும்பினால் தடமறிதல், கண்காணித்தல், பரிசோதித்தல், சிகிச்சையளித்தல் என்று நான்கு சொற்களில் அடங்கிய முழக்கத்தை மட்டும் எடுத்துச் செல்வது போதாது. உள்ளூர் மருத்துவர் கதவைத் திறக்க முதலில் அவருக்குக் கவசம் கொடுக்க வேண்டியிருந்தது. மக்கள் நோயைச் சொல்ல முதலில் அவர்களுக்குச் சோறும் மரியாதையும் உறுதியாக வேண்டியிருந்தது. இந்த வரிசை மாறியிருந்தால் 1896தான் மறுபடி நடந்திருக்கும்.

பட்டியல் பற்றிய மாற்றமே எல்லாவற்றிலும் அவசரமானது. கணக்கெடுப்பின் அடிப்படையில் இறுதி முடிவு எடுக்கும் முன், தாராவியில் இன்று வாழும் ஒவ்வொருவரையும், மேல்தளத்து வாடகைக்காரரையும் பட்டறையிலேயே உறங்கும் தொழிலாளியையும் உட்பட, பெயரோடு பதிவு செய்து, அவர்கள் அதே வட்டத்துக்குள் குடியிருக்க வாடகை வீடுகளையேனும் ஒதுக்க வேண்டும். மூன்றரை லட்சம் பேரைச் சில மாதங்களில் பதிவு செய்ய முடிந்த நிர்வாகத்துக்கு இது இயலாத காரியமில்லை.